தொண்டூர் மொட்டைமாடியில் ஒரு டச்சு வகுப்பு!

"வார் கொம் யே ஃபன்டான்?"

செஞ்சியில் பஸ் மாறி, தொண்டூரில் இறங்கி, பெரியம்மா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மாடியிலிருந்து இந்தக் குரல்தான் கேட்டது. அக்காவின் குரல்தான், ஆனால் என்ன மொழி என்று தெரியவில்லை. தண்ணீர்ச் சொம்போடு வந்த பெரியம்மாவிடம் கண்ணாலேயே கேட்டேன்.

"ஒன்னுமில்ல பாப்பா. பரீட்சைக்குப் படிக்கிறா. ரெண்டு மாசமா இதே கூத்துதான். வெடிகாத்தால நாலு மணிக்கெல்லாம் ஆரம்பிச்சிடுறா. மாடு கூட மிரண்டு போவுது."

அக்கா என்றால் பெரியம்மா பெண். வயது 29. பி.காம். முடித்துவிட்டு செஞ்சியில் ஓர் ஆடிட்டரிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள். போன வருடம் கல்யாணம். மாமாவின் பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். 80-களில் இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு அகதிகளாக நெதர்லாந்துக்குப் போனவர்கள். மாமா பிறந்தது, வளர்ந்தது, வேலை பார்ப்பது எல்லாம் அங்கேதான். திருவண்ணாமலையில் தாலி கட்டி, மூன்று வாரம் இருந்துவிட்டுப் போனார். அக்கா இன்னும் தொண்டூரில்தான் இருக்கிறாள்.

காரணம், ஒரு பரீட்சை.

நெதர்லாந்தில் 2006 மார்ச்சிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. அங்கே குடியுரிமை உள்ளவரைத் திருமணம் செய்துகொண்டு நிரந்தரமாகப் போக நினைக்கும் இந்தியர்கள், கிளம்பும் முன்பே அடிப்படை டச்சுத் தேர்வில் பாஸாக வேண்டும். வேலைக்காகப் போகும் ஐ.டி. நிபுணர்களின் மனைவி, கணவருக்கு இது கிடையாது. அக்கா அந்தக் கணக்கில் வரமாட்டாள். தேர்வில் மூன்று பகுதிகள்: பேசுவது, வாசிப்பது, நெதர்லாந்து சமூகத்தைப் பற்றிய பொது அறிவு. டெல்லியில் உள்ள தூதரகத்துக்குப் போய், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எழுத வேண்டும். 

வாசிப்பிலும் பொது அறிவிலும் அக்கா முதல் தடவையே பாஸ். பேசுவதில் ஃபெயில். அடுத்த தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

"கேள்வி புரியலடி. பதில் எல்லாம் மனப்பாடம். ஆனா அது என்ன கேக்குதுன்னு பிடிபடுறதுக்குள்ள அடுத்த கேள்வி வந்துடுச்சு" என்றாள்.

அவளைப் பார்த்துவிட்டு வரத்தான் போயிருந்தேன். ஊருக்கு வரும்போதே, 'செஞ்சிப் பக்கம் ஒரு டிராவல் ஸ்டோரி பண்ணிட்டு வா' என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். இரண்டும் ஒரே கதையாகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கல்லில் எழுதிய பதில்

வெயில் தாழ்ந்ததும் ஊருக்கு வெளியே இருக்கும் குன்றுக்குக் கிளம்பினோம். தொண்டூர் சின்ன ஊர்தான். ஆனால் கல்வெட்டு படிப்பவர்களுக்கு இது பெரிய ஊர். குன்றின் பாறையில் சமண முனிவர்களுக்காக வெட்டிய கல் படுக்கைகள் இருக்கின்றன. பக்கத்தில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு. கி.பி. 3-ம் நூற்றாண்டு வாக்கில் வெட்டியது என்கிறார்கள் ஆய்வாளர்கள். இளங்காயிபன் என்பவர் சொல்ல, மோசி என்பவர் செய்து கொடுத்த இருக்கை இது என்பதுதான் செய்தி. அதில் வரும் ஊர்ப்பெயர் அகழூர். இன்றைக்கும் பக்கத்திலேயே அகலூர் என்ற ஊர் இருக்கிறது. தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழும் பகுதி இது.

கல் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்ததும் அக்கா சொன்னாள். "பாரேன், யார் செஞ்சது, யார் சொல்லி செஞ்சது, எந்த ஊரு, என்ன செஞ்சாங்க... நாலு கேள்விக்கும் ஒரே வரியில பதில் எழுதிட்டுப் போயிட்டாங்க. எனக்கு டெல்லியில ஒரு கேள்விக்குப் பதில் வரல."

பிறகு பாடம் ஆரம்பித்தது. நான் மாணவி. சொல்லிக்கொடுத்தால் தனக்கு மனதில் நிற்கும் என்பது அவள் கணக்கு.

முதலில் 'ஆமா, இல்லை' என்று பதில் சொல்லும் கேள்விகள். தமிழில் இது ரொம்ப சுலபம். வாக்கியத்தின் கடைசியில் ஓர் 'ஆ' சேர்த்தால் முடிந்தது. 'நீ தொண்டூர்ல இருக்க' என்பது செய்தி. 'நீ தொண்டூர்லயா இருக்க?', 'நீ தொண்டூர்ல இருக்கியா?' இரண்டும் கேள்வி. எதைப் பற்றிச் சந்தேகமோ அதன் வாலில் 'ஆ'வை மாட்டிவிடலாம்.

டச்சில் வால் கிடையாது. தலையை மாற்ற வேண்டும். 'யே வோன்ட் இன் தொண்டூர்' என்றால் நீ தொண்டூரில் வசிக்கிறாய். 'யே' என்றால் நீ. 'வோன்ட்' என்றால் வசிக்கிறாய். இதைக் கேள்வியாக்க, வினைச்சொல்லைத் தூக்கி முன்னால் போட வேண்டும். 'வோன் யே இன் தொண்டூர்?' அவ்வளவுதான். ஆங்கிலத்தில் 'டூ', 'டஸ்' என்று ஒரு துணைச்சொல்லைத் தேடுவோமே, அந்தத் தொல்லை இல்லை.

"இரு இரு. 'வோன்ட்'ல இருந்த 'ட்' எங்க போச்சு?" என்று கேட்டேன்.

அக்கா கைதட்டினாள். "அதேதான்! நானும் அங்கதான் விழுந்தேன்."

வினைச்சொல்லுக்குப் பின்னால் 'யே' வந்தால் அந்த 'ட்' உதிர்ந்துவிடும். 'யே ஹெப்ட்' என்றால் உன்னிடம் இருக்கிறது. கேள்வியில் அது 'ஹெப் யே?' ஆகிவிடும். ஆனால் மரியாதையாக 'நீங்கள்' என்று சொல்லும் 'ஊ' வந்தால் 'ட்' உதிராது. 'வோன்ட் ஊ இன் தொண்டூர்?' இந்த 'ஊ'வை நம் ஊர் ஊ மாதிரி சொல்லக்கூடாது. உதட்டை 'ஊ'வுக்குக் குவித்து வைத்துக்கொண்டு 'ஈ' சொல்ல வேண்டும். நான் சொல்லிப் பார்த்தபோது மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று திரும்பிப் பார்த்தது.

"மரியாதை குடுத்தா 'ட்' நிக்கும், வாடி போடின்னா 'ட்' ஓடிடும்." இது அக்காவின் சூத்திரம். எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

'வாரோம்' என்றால் யார் வருகிறார்கள்?

இரவு மொட்டைமாடியில் பாடம் தொடர்ந்தது. அடுத்தது கேள்விச் சொற்கள்.

தமிழில் யார் தவிர மற்றதெல்லாம் கிட்டத்தட்ட 'எ', 'ஏ' குடும்பம். என்ன, எங்கே, எப்போது, எப்படி, எத்தனை, ஏன். டச்சில் பெரும்பாலானவை 'வ' குடும்பம். 'வீ' என்றால் யார். 'வட்' என்றால் என்ன. 'வார்' எங்கே. 'வனேர்' எப்போது. 'வெல்க' எது, எந்த. 'வாரொம்' ஏன். இந்தக் குடும்பத்தில் சேராதது 'ஹூ'. அதற்கு 'எப்படி' என்று பொருள். 'ஹூஃபேல்' என்றால் எவ்வளவு.

இங்கிலீஷ் தெரிந்தவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். 'ஹூ' என்று காதில் விழுந்ததும் 'யார்' என்று மனசு மொழிபெயர்த்துவிடும். யார் என்பதற்கு 'வீ' என்பதும், 'ஹூ' என்றால் எப்படி என்பதும் பதிய ஒரு வாரம் ஆனதாம் அக்காவுக்கு.

நமக்கு ஒரு லாபமும் இருக்கிறது. டச்சு 'வ' நம் தமிழ் 'வ' மாதிரியேதான். மேல்பல் கீழுதட்டை லேசாகத் தொட்டால் போதும். இங்கிலீஷ்காரர்கள் இதற்கு வாய் குவித்துத் திண்டாடுவார்கள். நமக்குப் பிறவியிலேயே வரும்.

"வாரொம் லேர் யே நேடர்லண்ட்ஸ்?" என்று அக்கா கேட்டாள். ஏன் டச்சு படிக்கிறாய் என்று அர்த்தம்.

படியேறி வந்த பெரியம்மா நின்றுவிட்டார். "வாரோம்ங்கிறியே, யாரு வராங்க? மாப்ள வூட்டுக்காரங்களா? சோறு கொஞ்சம்தானே இருக்குது!"

சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது.

கேள்விச் சொல் வந்தால் வாக்கியம் எப்படி அமையும்? கேள்விச் சொல் முதலில், வினை இரண்டாவது, ஆள் மூன்றாவது. 'வார் வோன் யே?' எங்கே வசிக்கிறாய்? தமிழில் 'நீ எங்க இருக்க', 'எங்க இருக்க நீ', 'எங்க நீ இருக்க' என்று எப்படிப் போட்டாலும் ஓடும். டச்சில் வினைச்சொல் இரண்டாவது நாற்காலியைவிட்டு எழுந்திருக்காது.

நான் வாசலில் கேட்ட வாக்கியத்தின் கதையும் அப்போதுதான் தெரிந்தது. 'வார் கொம் யே ஃபன்டான்?' நீ எங்கிருந்து வருகிறாய்? தமிழில் 'எங்கிருந்து' ஒரே சொல். டச்சில் அதை இரண்டாக உடைத்து, 'எங்கே'வை முதலிலும் 'இருந்து'வைக் கடைசியிலும் வைத்துவிடுகிறார்கள். நடுவில் வினையும் ஆளும். 'இக் கொம் அய்ட் இந்தியா' என்பது பதில். நான் இந்தியாவிலிருந்து வருகிறேன்.

ஃபெயிலானதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. தமிழ்க் காது வாக்கியத்தின் கடைசி வரை காத்திருந்து பழகியது. வந்தாயா, வந்தாய், வராதே எல்லாம் கடைசியில்தான் பிரியும். டச்சுக் கேள்வியில் முக்கியமான விஷயம் முதல் இரண்டு சொல்லிலேயே முடிந்துவிடுகிறது. அக்கா கடைசிச் சொல்லுக்காகக் காத்திருக்கும்போதே கேள்வி போய்விடுகிறது.

இதைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நான் முதல் சொல்லப் பிடிச்சா போதும்ல?" என்றாள்.

அன்றிரவு முழுக்க விளையாட்டு அதுதான். நான் செயலியில் பதிவுசெய்த கேள்வியை ஓடவிட்டு, இரண்டே சொல்லில் நிறுத்துவேன். அவள் மீதியை யூகிக்க வேண்டும். முதல் பத்தில் நாலு சரி. கடைசிப் பத்தில் எட்டு.

மாமியின் மருந்து பாட்டில்

பத்து மணிக்கு வீடியோ கால். மாமாவோடு அவர் அம்மாவும் வந்தார். அக்கா 'அத்தை' என்று சொல்லத்தான் பழகியிருக்கிறாள். ஆனால் அவருக்கு 'மாமி' என்று கூப்பிட வேண்டும். யாழ்ப்பாண வழக்கம்.

"சாப்பிட்டீங்களோ பிள்ளையள்?" என்றார் மாமி. எங்கள் ஊர் 'சாப்ட்டியா'வில் இருக்கும் 'ஆ', அங்கே 'ஓ'வாகிவிடுகிறது. ஒரே தமிழுக்குள்ளேயே கேள்வி இரண்டு விதம்!

டச்சில் இதைக் கேட்டால் 'ஹெப் யே அல் கெகேட்டன்?'. அந்த 'க'வைத் தொண்டையில் காறிச் சொல்ல வேண்டும். மாமி சிரித்துக்கொண்டே சொன்னார், அங்கே யாரும் வணக்கத்துக்குப் பதிலாக இதைக் கேட்க மாட்டார்களாம். கேட்டால் நிஜமாகவே பசியா என்று விசாரிப்பதாக எடுத்துக்கொள்வார்களாம்.

மாமியின் பேச்சில் 'கந்தோர்' வந்தது. ஆபீஸ் என்று பொருள். 'லாச்சி' வந்தது. மேசை இழுப்பறை. இரண்டுமே டச்சுச் சொற்கள். 1658-ல் போர்த்துகீசியரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள், இலங்கைக் கரையை 1796 வரை ஆண்டார்கள். அவர்கள் போய்விட்டார்கள், சொற்கள் தங்கிவிட்டன. நாமும் தப்பவில்லை. நாம் சொல்லும் 'துட்டு', டச்சுக்காரர்களின் செப்புக்காசான 'டொய்ட்'டிலிருந்து வந்தது. 'கக்கூஸ்' கூட டச்சு வழிதான்!

பிறகு மாமி ஒரு விஷயம் சொன்னார். "நான் வந்த புதுசு. இவருக்கு ஒன்றரை வயசு. காய்ச்சல். மருந்து தந்து அனுப்பினவை. ஒரு நாளைக்கு எத்தனை தரம் குடுக்கிறது எண்டு கேக்கத் தெரியேல்ல. பாட்டிலைப் பாத்துக்கொண்டே விடிய விடிய இருந்தனான். கூடிப்போனா என்ன ஆகும், குறைஞ்சா என்ன ஆகும் எண்டு பயம். 'ஹூ ஃபாக் பெர் டாக்?' நாலே நாலு சொல்லு பிள்ளை. அது தெரியாமல் ஒரு இரவு போச்சு."

எத்தனை தடவை, ஒரு நாளைக்கு? 'ஹூ ஃபாக்' என்றால் எத்தனை தடவை. மாமாவே இந்தக் கதையை அப்போதுதான் முதல் தடவை கேட்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"சோதினையில பதில் சொன்னால் காணும். இங்க வந்தாப் பிறகு நீர்தான் கேக்கோணும். பஸ்ஸில, கடையில, டொக்டரிட்ட. கேக்க வெக்கப்படாதேயும்" என்றார் அக்காவிடம்.

அக்கா அந்த நாலு சொல்லையும் கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

செஞ்சிக்கு வந்த கேள்விகள்

மறுநாள் காலை செஞ்சிக் கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளை மதிலால் இணைத்த கோட்டை. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டும்தான்.

ராஜகிரி ஏறினோம். அடுக்கடுக்கான கல்யாண மகால், களஞ்சியம் எல்லாம் கீழே பொம்மை மாதிரி ஆனபோது, ஒரு பிளவின்மேல் போட்ட பாலம் வருகிறது. அதைத் தாண்டினால் உச்சி. மூச்சு வாங்கிக்கொண்டே உட்கார்ந்தபோது, டச்சுக்காரர்களுக்கும் இந்தக் கோட்டைக்கும் இருக்கும் உறவை அக்காவுக்குச் சொன்னேன். இது என் டர்ன்.

டச்சுக் கிழக்கிந்திய கம்பெனி தொடங்கியது 1602-ல். சோழமண்டலக் கரையில் துணி வாங்க வந்தவர்கள், 1608-ல் கடலூர் பக்கம் தேவனாம்பட்டினத்தில் இடம் கேட்டார்கள். யாரிடம்? செஞ்சியில் ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கரிடம். நாம் உட்கார்ந்திருந்த இந்த மலைதான் அந்த ராஜ்யத்தின் தலைநகரம். அதன் பிறகுதான் பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம் எல்லாம்.

அன்றைக்கு ஒருவரையொருவர் எப்படிக் கேட்டுக்கொண்டார்கள்? இடையில் துபாஷி நிற்பார். துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர். பல சமயம் இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத போர்த்துகீசிய மொழியில்தான் பேச்சு ஓடும். பழவேற்காட்டில் 1630-களில் இருந்த ஆபிரகாம் ரோஜரியஸ் என்ற டச்சுப் பாதிரியார், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேள்வி கேள்வியாகக் கேட்டு, நம் சடங்குகளையும் நம்பிக்கைகளையும் பற்றிப் புத்தகம் எழுதினார். அதுவும் போர்த்துகீசிய வழியாகத்தான். அவர் இறந்த பிறகு, 1651-ல் லெய்டன் நகரில் அந்தப் புத்தகம் அச்சானது. இந்து சமயம் பற்றி ஐரோப்பாவில் வந்த ஆரம்பகாலப் புத்தகங்களில் முக்கியமானது.

இதே கரையில் கேள்வி கேட்க முடியாதவர்களும் இருந்தார்கள். பஞ்ச காலங்களில் அடிமைகளாக விற்கப்பட்ட தமிழர்களை டச்சுக் கப்பல்கள் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும், அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கும், ஏற்றிப்போயின. எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்க அவர்களுக்கு மொழியும் இல்லை, பதில் சொல்ல ஆளும் இல்லை.

1690-ல் இந்தக் கோட்டையில் சிவாஜியின் மகன் ராஜாராம் இருந்தபோது, தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர்கள் மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை எல்லை என்று ஒப்பந்தம். 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். 

அக்கா கிழக்குப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடல் தெரியவில்லை. "அவங்க இவ்ளோ தூரம் வந்து இடம் கேட்டாங்க. இப்ப நான் போறதுக்கு அவங்க பரீட்சை வெக்கிறாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தில் வரவு செலவு பார்ப்பவள் மாதிரி சொன்னாள்.

இறங்கும்போது ஒரு குரங்கு என் பிஸ்கட் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அக்கா கத்தினாள்: "வாரொம்?" எனக்குத் தெரிந்து அவள் யோசிக்காமல் கேட்ட முதல் டச்சுக் கேள்வி அதுதான்.

பஸ் ஸ்டாண்டில்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ் நின்றிருந்தது. பெரியம்மா கொடுத்தனுப்பிய முறுக்குப் பையை ஜன்னல் வழியாக நீட்டிய அக்காவின் உள்ளங்கையில் அந்த நாலு சொல்லும் பாதி அழிந்து இருந்தது.

"வனேர் கொம் யே வேர்?" என்றாள்.

முதல் சொல் வனேர். எப்போது. இரண்டாவது கொம். வருவது. 'ட்' இல்லை, அப்படியானால் அடுத்து 'யே'. மறுபடி எப்போது வருவாய்? எனக்கே புரிந்துவிட்டது!

பதில் டச்சில் வரவில்லை. "நீ பாஸாகி, ஊருக்குக் கிளம்புறப்ப" என்று தமிழில்தான் சொன்னேன். பஸ் நகர்ந்தது.

இந்தக் கட்டுரை எழுதும்போது அக்கா டெல்லி ரயிலில் இருக்கிறாள். சற்றுமுன் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பக்கத்து சீட்டு பாட்டியிடம் இந்தியில் 'எங்கிருந்து வர்றீங்க' என்று கேட்டாளாம், பாட்டி ஊர்க்கதை முழுக்கச் சொல்லிவிட்டாராம். "கேட்டா சொல்றாங்கடி" என்று முடிந்தது மெசேஜ்.

நீங்களும் போகலாம்

சென்னையிலிருந்து போனால் திண்டிவனம் வரை ரயிலிலோ பஸ்ஸிலோ சென்று, அங்கிருந்து திருவண்ணாமலை சாலையில் போகும் பஸ்ஸில் செஞ்சியில் இறங்கலாம். ராஜகிரி ஏறுவதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் ஏற விடுவதில்லை. தண்ணீர் அவசியம். சாப்பிடும் பொருளைக் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள், குரங்குகள் விடாது. செஞ்சிக்குப் பக்கத்திலேயே திருநாதர்குன்றில், ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களின் சிற்பங்களைப் பார்க்கலாம். தொண்டூர் குன்றுக்குப் போகிறவர்கள் ஊரில் யாரையாவது வழி கேட்டுக்கொண்டு போங்கள். தமிழிலேயே கேட்கலாம், கூடவே வந்து காட்டுவார்கள்.